கப்பலுக்கு நடந்து காட்டிய சின்னம்மா

முழங்கால் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டோம் என்றால் நமக்கு வயது போய்விட்டது என்று அர்த்தம். சனிக்கிழமைகளில் என்னோடு ஈஸ்ட் ஹாம் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அழுதழுது வந்த நீங்கள் எல்லோரும் இப்போது கலியாண மண்டபத்துக்குள் நுழைந்த உடனே கதிரை தேடுகிறீர்கள். நானும் அப்படித்தான். ஆனால் சொல்ல வந்தது நம் முழங்கால்களைப் பற்றி அல்ல. என் சின்னம்மாவின் நடையைப் பற்றி.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. கலியாணம் கட்டாதவர். ஃபாரஸ்ட் கேட்டில் கவுன்சில் கொடுத்த சின்ன வீட்டில் தனியே இருக்கிறார். போன குளிர்காலம் கால் வலி என்று அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பயிற்சி கொடுக்கிற இளம் பெண், நல்ல பிள்ளை, நீளமான நடைவழியைக் காட்டி, அந்த ஜன்னல் வரைக்கும் நடந்து திரும்பி வாருங்கள், நான் இங்கே நின்று பார்க்கிறேன் என்றாள். சின்னம்மா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தார். எழும்பவே இல்லை.

“ஆருக்கும் நான் நடந்து காட்ட மாட்டன் எண்டு சொல்லு,” என்றார்.

அவருக்கு இன்று களைப்பு என்று நான் மாற்றிச் சொன்னேன். அந்தப் பெண் முகம் சுளிக்காமல் வேறு நாள் கொடுத்தாள். ஏன் மாட்டன் என்றார் என்பது எனக்குத் தெரியும். உலகத்தில் அது தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். இப்போது உங்களுக்கும் சொல்கிறேன்.

நாங்கள் சின்னப்பிள்ளைகளாக இருந்த எண்பதுகளில் சின்னம்மா எங்கள் வீட்டில்தான் இருந்தார். ஊரில் பிரச்சினை முற்றிய பிறகு படிப்பு விசாவில் வந்து, பாதி நாள் படிப்பும் மீதி நாள் வேலையுமாக இருந்தவர். வேலை ஒரு பேக்கரியில். பெட்டி மாதிரியான ஓர் அறையை அவரும் நானும் பங்குபோட்டோம். அவர் வந்து படுத்தால் அறை முழுக்கச் சீனியும் ஈஸ்டும் மணக்கும். அந்த மணத்தில்தான் நான் வளர்ந்தேன் என்று சொல்லலாம்.

அவரைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விசயம், அவர் ஓடுவார். ஹை ஸ்ட்ரீட்டில் பஸ் வெளிக்கிட்ட பிறகும் துரத்திப்போய்ப் பிடிப்பார். பஸ்ஸின் பின்பக்கம் திறந்திருந்த காலம் அது, கம்பியைப் பிடித்துத் தொங்கி ஏறிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார். மாடிப்படியில் இரண்டிரண்டாகத்தான் ஏறுவார். கீழே நிற்கிற அம்மா, பொம்பிளைப் பிள்ளை மாதிரி நட என்று ஒவ்வொரு நாளும் சொல்லுவார். ஒவ்வொரு நாளும் அது வீண்தான்.

அந்த வருடம் ஒரு சம்பந்தம் வந்தது. அப்பாவின் ஊர்க்காரர், கிரேக்கக் கப்பல் ஒன்றில் இன்ஜினியர். நம் ஆட்கள் எத்தனையோ பேர் அப்போது கிரேக்கக்காரரின் கப்பல்களில் இருந்தார்கள். சாதகக் குறிப்புப் பொருந்தியது, சீதனப் பேச்சும் பெரிய இழுபறி இல்லாமல் முடிந்தது. மாப்பிள்ளையின் தாய் ஊரிலிருந்து ஒரே ஒரு விசயத்தில் பிடிவாதமாக இருந்தார். முன்பு தன் மூத்த மகனுக்குப் படத்தை மட்டும் பார்த்துச் செய்து ஏமாந்துவிட்டாராம், பெண்ணை மகன் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும். கிரீன் ஸ்ட்ரீட் ஸ்டூடியோவில் எடுத்து அனுப்பிய சின்னம்மாவின் படத்தை நான் பார்த்திருக்கிறேன். அப்பியிருந்த பவுடருக்குள் சின்னம்மாவைக் கண்டுபிடிக்க எனக்கே கொஞ்ச நேரம் எடுத்தது. அந்தத் தாயைக் குற்றம் சொல்லமுடியாது.

மாப்பிள்ளை ஒரு கசெட் அனுப்பியிருந்தார். அப்போது நம் வீடுகளில் கடிதத்துக்குப் பதில் கசெட்டில் பேசி அனுப்புவார்கள், ஞாபகம் இருக்கும். அப்பாவுக்கு அனுப்பிய கசெட்தான், ஆனால் அது சின்னம்மாவின் தலையணைக்குக் கீழே போய்விட்டது. கப்பலில் ஒரு பூனை இருப்பதையும், அது தன் கட்டிலில் குட்டி போட்டதையும், அதனால் தான் தரையில் படுப்பதையும் அவர் அவசரமில்லாமல் ஆறுதலாகச் சொல்லியிருந்தார். பின்னால் ஜெனரேட்டர் இரையும். சின்னம்மா காதில் மாட்டிக்கொண்டு கேட்பார். எனக்கு ஜெனரேட்டர் மட்டும் கேட்கும்.

“பூனைக்குக் கட்டிலைக் குடுத்துப்போட்டுக் கீழை படுக்கிற மனிசன், கூடாதவனா இருக்கேலாது என்ன?” என்று இருட்டில் ஒருநாள் என்னிடம் கேட்டார். எனக்குப் பத்து வயது. ஓம் என்றேன். அந்த மனிதர் அவருக்கு வேண்டும் என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

பார்ப்பது எப்படி என்பதுதான் பிரச்சினை. சரக்குக் கப்பல்களுக்கு ஓட்டம் இல்லாத காலம். அவருடைய கப்பலை முதலாளி ஒரு சின்னத் தீவின் குடாவில் நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டார். காவலுக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளவும் நாலைந்து பேரை மட்டும் விட்டிருந்தார்கள். அவர்களில் இருவர் கரைக்கு இறங்கி ஓடித் தலைமறைவாகிவிட்டதால், மீதிப்பேரை இறங்க விடக்கூடாது என்று துறைமுகப் பொலிஸ் உத்தரவு. அவர் லண்டனுக்கு வர வழியில்லை. சின்னம்மா சேலையோடு நூலேணியில் கப்பல் ஏறவும் முடியாது, முடிந்தாலும் பெண்ணே மாப்பிள்ளை இருக்கிற இடத்துக்கு முதலில் போகக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார்.

அப்பாதான் வழி கண்டுபிடித்தார். அப்பா வரைபடம் கீறுகிற அலுவலகத்தில் வேலை, எதற்கும் ஒரு தாள் எடுத்துக் கோடு போட்டுப் பார்ப்பார். குடாவை ஒட்டி ஒரு நடைபாதை இருக்கிறது. அது முடிகிற தொங்கலில் ஒரு சின்னத் தேவாலயம். கப்பல் அதற்கு நேர் எதிரே நிற்கிறது. அப்பா படகில் கப்பலுக்குப் போய் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்பார். சின்னம்மா கரையால் தேவாலயம் வரைக்கும் நடந்து திரும்புவார். மாப்பிள்ளை கப்பல் தூரக்கண்ணாடியால் பார்ப்பார். காரியம் முடிந்தது. அப்பா தாளைத் தூக்கிக் காட்டியபோது அம்மா, நல்ல யோசினை என்று தலையாட்டியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு பெண்ணைத் தூரக்கண்ணாடியால் பெண் பார்ப்பது அந்த வீட்டில் யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. சின்னம்மாவுக்கும்தான்.

நம் வீடுகளில் விடுமுறை என்றால் என்ன? வால்தம்ஸ்டோ மாமி வீட்டில் இரண்டு இரவு, அதிர்ஷ்டம் இருந்தால் பாரிஸ் பெரியப்பா வீடு. நான் வகுப்பில் எழும்பி நின்று, நாங்கள் கிரேக்கத் தீவுக்குப் போகிறோம் என்றபோது வெள்ளைக்காரப் பிள்ளைகளே திரும்பிப் பார்த்தார்கள். ஏன் போகிறோம் என்று ஆசிரியை கேட்டார். கடற்கரையில் நடக்க என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

சேலை எடுக்க அப்டன் பார்க்கில் ஒரு நாள் முழுக்க அலைந்தோம். சின்னம்மா மயில் நீலத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். கடலும் நீலம், சேலையும் நீலம் என்றால் தெரியாது என்று அப்பா சொல்லிவிட்டார். கப்பல்காரர் கண்ணுக்குத் தோடம்பழ நிறம்தான் உடனே பிடிபடும், உயிர்காப்புச் சட்டைக்கு அந்த ஆரஞ்சு நிறம்தானே போடுகிறார்கள் என்று விளக்கம் வேறு. ஆக, சின்னம்மாவுக்குத் தோடம்பழ நிறத்தில் ஒரு பட்டுச்சேலை. பிறகு அம்மா செருப்புக்கடைக்குக் கூட்டிப்போனார். மாப்பிள்ளை நல்ல உயரம், சின்னம்மா கட்டை. ஸ்டூடியோவில் இருத்தி வைத்துத்தான் படம் எடுத்திருந்தார்கள். அதனால் குதி உயர்ந்த ஹீல்ஸ் செருப்பு. சேலை மூடும், வெளியில் தெரியாது என்று அம்மா தன் பாட்டில் சொல்லிக்கொண்டார்.

தீவில் இறங்கியபோது பயண வாந்தியில் நான் பாதி செத்திருந்தேன். ஐஸ்கிரீம் டப்பாக்களில் பயற்றம் பணியாரமும் முறுக்கும் அடைத்த சூட்கேஸை அப்பா தலையில் தூக்கிக்கொண்டு போக, துறைமுகத்தில் கயிற்றில் கணவாய் மாதிரி ஒன்றைத் துணிபோலக் காயப்போட்டிருந்ததைப் பார்த்து மறுபடியும் வாந்தி எடுத்தேன். நாங்கள் தங்கிய வீட்டுக்காரி உச்சி முதல் பாதம் வரை கறுப்பு உடுத்தியவர். புருசன் கடலில் மூழ்கிச் செத்துப்போனவராம். எனக்கு ஓர் அத்திப்பழத்தைப் பிளந்து தந்தார். அம்மா அதை வாங்கிக் கழுவிவிட்டுத்தான் தின்ன விட்டார்.

முன்னால் குடா. நடுவில் கப்பல். துருப்பிடித்த சிவப்பில், கடலுக்குள் கட்டி மறந்துபோன தொழிற்சாலை போல நின்றது. சின்னம்மா ஜன்னலால் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பிட வா என்று அம்மா மூன்று தரம் கூப்பிட வேண்டியிருந்தது.

அடுத்த நாள் விடிகிற நேரம் அவர் என்னை எழுப்பினார். அம்மாவும் அப்பாவும் நல்ல நித்திரை. சின்னம்மா பேக்கரிக்குப் போடுகிற கான்வஸ் சப்பாத்தும் ஜீன்ஸும் போட்டிருந்தார். தலைமயிர் பின்னாமல் கிடந்தது. பாதையைப் பார்த்து வைப்பம், நாளைக்கு நடக்கிற இடம்தானே என்றார். கதவைச் சத்தம் இல்லாமல் சாத்திவிட்டு வெளியே வந்தோம்.

பாதை என்றால் பாதை இல்லை. ஆடு நடந்து தேய்ந்த கல்லு. ஒரு பக்கம் முள்ளுப் பற்றை, மிதித்தால் ஓமத்தின் மணம். மறுபக்கம் நேரே கீழே தண்ணீர், அடியில் கிடந்த ஒவ்வொரு கல்லும் தெரிகிற தண்ணீர். கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு சின்னம்மா ஓடத் தொடங்கினார். ஹை ஸ்ட்ரீட்டில் ஓடியது வேறு, பை இருக்கும், பஸ் இருக்கும். இங்கே எதையும் பிடிக்க வேண்டியதில்லை. ஒரு கல்லில் இருந்து மறுகல்லுக்குத் தாவினார். மதில் ஒன்றில் கைவைத்து ஏறிக் குதித்தார். ஆடுகள் சிதறி ஓடின. நான் பின்னால் மூச்சு வாங்க, சின்னம்மா சின்னம்மா என்று கத்திக்கொண்டு ஓடினேன். இன்றுவரைக்கும் யோசித்தால் என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோசமான காலை எனக்கு இல்லை. அவருக்கும் இருந்திருக்காது, அதுதான் எரிச்சல்.

தேவாலயத்தடியில் நின்று மூச்சு வாங்கினோம். சூரியன் எங்களுக்குப் பின்னால் மலையில் ஏறிக்கொண்டிருந்தது. கப்பல் மேல்தட்டில் ஓர் ஆள், கண்ணில் தூரக்கண்ணாடி. எங்களைத்தான் பார்த்தார். கண்ணாடியை இறக்கிவிட்டுக் கையை உயர்த்தி ஆட்டினார். சின்னம்மா சிலைபோல நின்றார். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார். அந்த ஆளும் இரண்டு கையையும் தூக்கினார்.

“அவர்தான்,” என்றார் சின்னம்மா. கொஞ்ச நேரம் கழித்து, “அக்காவுக்குச் சொல்லிப் போடாதை,” என்றார்.

அடுத்த நாள் நடை. பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் உச்சி வெயிலில் வந்து விழுந்தது. வெளிச்சம் நல்லது, தெளிவாகத் தெரியும் என்று அப்பா சந்தோசப்பட்டுக்கொண்டு பலகாரப் பெட்டியோடு படகில் ஏறினார். குடை பிடிக்கக்கூடாது, முகம் மறைக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சின்னம்மா தோடம்பழச் சேலையில், தலை நிறையப் பிளாஸ்டிக் கனகாம்பரத்தோடு, ஹீல்ஸில் படி இறங்கினார். வாசலில் வீட்டுக்காரி நின்றார். செருப்பைப் பார்த்ததும் அவர் தலையில் கைவைத்துக்கொண்டு பாதையையும் செருப்பையும் மாறிமாறிக் காட்டி ஏதோ சொன்னார். உள்ளே ஓடிப்போய்த் தட்டையான தோல் செருப்பு ஒரு சோடி கொண்டுவந்தார். மகளுடையதாக இருக்கவேண்டும். சின்னம்மாவின் காலடியில் குனிந்து வைத்தார். சின்னம்மா ஒரு காலை ஹீல்ஸில் இருந்து எடுத்தும் விட்டார்.

அம்மா தோளில் பிடித்து நிறுத்தினார். நல்ல காரியத்துக்கு வெளிக்கிடும்போது முன்னால் வந்து நிற்கிறதும் இல்லாமல், கையால் தருகிறதை வாங்கிப் போடுகிறதா என்று பல்லுக்குள்ளே சொன்னார். பிறகு வீட்டுக்காரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, உள்ளே போங்கள் என்று கையால் காட்டினார். அவர் செருப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவைத் தானே சாத்திக்கொண்டார். என் அம்மா கெட்டவர் இல்லை, நீங்கள் எல்லோரும் அவர் கையால் சாப்பிட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்தக் கதவு சாத்தின சத்தத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

நான் சின்னம்மாவுக்குப் பக்கத்தில், அம்மா பின்னால். முதலாவது ஏற்றத்திலேயே குதி ஒரு கல்லிடுக்கில் மாட்டிக் கணுக்கால் பிரண்டு சுளுக்கிவிட்டது. சின்னம்மா சத்தம் போடவில்லை, என் தோளை ஒரு தரம் இறுக்கிப் பிடித்தார். தோளைப் பிடிக்காதை, தூரத்திலை வடிவில்லை என்று பின்னால் இருந்து அம்மா சொன்னார். அவர் கையை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு அடிக்கும் வலப்பக்கம் சரிந்து சரிந்துதான் நடந்தார். வெயிலில் பட்டு முதுகோடு ஒட்டியது. பெண் பார்க்கும்போது பெண் நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்க்கக்கூடாது என்பதால் அவர் கடல் பக்கமே திரும்பவில்லை.

“ஆர் நிக்கினம்?” என்று வாய் அசையாமல் கேட்டார்.

“அப்பாவும் இன்னொருத்தரும்.”

“பாக்கிறாரோ?”

“ஓம். கண்ணாடியாலை.”

“கை காட்டுறாரோ?”

நான் வடிவாக உற்றுப் பார்த்தேன். இல்லை என்றேன். தேவாலயம் வரைக்கும் போனோம், திரும்பி வந்தோம். வந்து செருப்பைக் கழற்றியபோது இரண்டு குதியிலும் தோல் உரிந்து சேலைக்கரையில் ரத்தம். நல்ல நேரம் முடிந்துவிட்டதாலோ என்னவோ, வீட்டுக்காரி பேசினில் உப்புத்தண்ணீர் கொண்டுவந்து அந்தக் கால்களைக் கழுவியபோது அம்மா தடுக்கவில்லை.

அப்பா பொழுதுபட வந்தார். தம்பி நல்ல பிள்ளை, பலகாரம் எல்லாம் விரும்பிச் சாப்பிட்டார் என்றார். சின்னம்மாவின் காலை ஒரு தரம் பார்த்துவிட்டு வெளியே போய் சிகரெட் பற்றவைத்தார். அவர் சிகரெட் குடிப்பதை நான் அதற்கு முன்பு கண்டதில்லை.

இலை உதிரத் தொடங்கிய காலத்தில் சம்பந்தம் பேசியவர் மூலம் மறுமொழி வந்தது. குறிப்பை இன்னொரு சாத்திரியிடம் காட்டினார்களாம், பொருத்தம் போதாதாம். பொருந்திய குறிப்பு பிறகு பொருந்தாமல் போகாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒருவரும் மறுத்துக் கேட்கவில்லை, ஏனென்றால் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு காரணம் இருந்தது. ஹீல்ஸ் போட்டும் உயரம் போதாமல் போய்விட்டது என்று அம்மா முடிவு கட்டினார். சின்னம்மா தன் காரணத்தை எனக்கு மட்டும் சொன்னார்.

“கை காட்டியிருக்கக் கூடாது. ஆடு மாதிரிப் பாய்ஞ்சு திரிஞ்சு, ரண்டு கையையும் தூக்கிக் காட்டினால் எந்த ஆம்பிளை கட்டுவான்?”

அந்தக் கசெட்டில் அம்மா கோயில் பஜனையைப் பதிந்துவிட்டார். வேறு கசெட் இல்லையா என்று நான் கேட்டதற்கு, இது சும்மாதானே கிடந்தது என்றார். நான் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். தாளச் சத்தம் ஓய்கிற இடத்தில்கூட ஜெனரேட்டர் கேட்கவில்லை. தோடம்பழச் சேலையை வெட்டி சாமிப்படத்துக்குத் திரை தைத்தார்கள்.

சின்னம்மா அதற்குப் பிறகு ஓடவில்லை. நீங்கள் அறிந்த சின்னம்மா அந்தச் சின்னம்மாதான், ஒவ்வொரு காலையும் பார்த்துப் பார்த்து வைக்கிற, கண் நிலத்தில் இருக்கிற பெண். பஸ் கண்முன்னே போனாலும் அடுத்ததுக்கு நிற்பார். படியில் ஒவ்வொன்றாக ஏறுவார். இப்போதுதான் பொம்பிளைப் பிள்ளை மாதிரி நடக்கிறாள் என்று அம்மாவுக்குத் திருப்தி. அப்பா அவரிடம் வழக்கத்துக்கு மிஞ்சிய பாசம் காட்டத் தொடங்கினார். வேலைக்குத் தானே காரில் கொண்டுபோய் விட்டு, தானே ஏற்றிவருவார். கோயிலிலும் வாசலுக்குக் கிட்டக் காரை நிறுத்தி இறக்கிவிட்டுத்தான் இடம் தேடிப் போவார். அத்தான் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சனம் பேசியது.

வேறு சம்பந்தங்கள் வந்தன. கொஞ்ச நாள் பேச்சு நடக்கும், பிறகு ஒரு சத்தமும் இருக்காது. தான் கைகாட்டிய கதை பரவிவிட்டது என்று சின்னம்மா நம்பினார். பிறகு பேச்சும் வரவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் அப்பா மாரடைப்பில் போனார். எரித்து முடித்து மண்டபத்துக்கு வெளியே எல்லோரும் நிற்கும்போது, நரைத்த தலையும் பெரிய வயிறுமாக ஒருவர் என்னிடம் வந்தார். ஊர்க்காரர், இப்போது வால்தம்ஸ்டோவில் இருக்கிறாராம். நான்தான் அந்தக் கப்பல்காரன் என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. உங்கடை அப்பா நல்ல மனிசன் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, சின்னம்மாவின்ரை கால் இப்ப எப்பிடி என்று கேட்டார்.

எந்தக் கால் என்றேன்.

“சின்னனிலை கிணத்துக்கட்டாலை விழுந்தது. கப்பலிலை நிக்கேக்கை அவ நொண்டி நொண்டி வாறதைப் பாத்து நான் கேக்க, உங்கடை அப்பாதான் சொன்னவர். சின்ன வயசிலை விழுந்தவ, இப்ப கன சுகம் எண்டு. பிள்ளை, நான் காலை ஒரு குறையா எடுக்கேல்லை. ஆனா மறைச்சுப் போட்டினம் எண்டு என்ரை அம்மாவுக்கு எழுதிப் போட்டன். அம்மா ஊரிலை ஆருக்கெல்லாம் சொன்னாவோ தெரியாது.”

எங்கள் தாத்தா வீட்டுக் கிணற்றுக்குக் கட்டே கிடையாது. அப்பா அந்த நேரத்தில் அவசரமாகக் கண்டுபிடித்த கிணறு அது. ஹீல்ஸ் கடித்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் இந்தக் கல்லில் ஹீல்ஸ் என்று மாப்பிள்ளை கேட்டிருப்பார், உயரத்தைக் கூட்டிக் காட்டினது வெளியில் வந்திருக்கும். அந்த மானத்தைக் காப்பாற்ற ஒரு பெண்ணை நொண்டியாக்கிவிட்டு, பிறகு காலமெல்லாம் காரில் ஏற்றி இறக்கினார். சனமும் பார்த்துக்கொண்டுதானே இருந்தது, மெல்ல நடக்கிற பெண்ணை வாசல்வரைக்கும் காரில் கொண்டுவந்து விடுகிறார்கள் என்று.

அவருக்குக் காலில் ஒன்றும் இல்லை என்றேன். அதற்கு முதல் நாள் விடிய என்னோடு அந்தப் பாதை முழுக்க ஓடினவ, நீங்கள் கைகூடக் காட்டினீங்கள் என்றேன்.

அந்த மனிதர் என்னைப் பார்த்தபடி நின்றார். அவருடைய மனைவி காருக்குள் இருந்து கூப்பிட்டார். அவர் திரும்பவில்லை.

“அது அவவோ?” என்றார். “வெயில் பின்னாலை, முகம் தெரியேல்லை. ஜீன்ஸும் விரிச்ச தலையும். அந்த ஊர்ப் பெட்டை எண்டு நினைச்சன். எங்கடை பொம்பிளை அப்பிடி ஓடுவா எண்டு ஆர் நினைச்சது?” குரலை இன்னும் தாழ்த்தினார். “உங்கடை அப்பாவுக்குப் பக்கத்திலை நிண்டு சின்னம்மாவைப் பாக்கேக்கையும், அந்தப் பெட்டை திரும்ப வருமோ எண்டுதான் நான் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கொண்டு நிண்டனான்.”

லண்டனில் எரிக்க இடம் கிடைக்கவே நாள் போய்விடும், அதனால் எட்டாம் நாள் செய்கிற எட்டுச் செலவை, நாங்கள் எரித்த நாளில் இருந்து கணக்கு வைத்தோம். செத்தவருக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்து அவர் பெயரில் படைக்கிற நாள். அப்பாவுக்குத் தட்டை வடை என்றால் உயிர். அதை அந்த வீட்டில் சரியாகச் சுடத் தெரிந்தவர் சின்னம்மா. குசினியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் நிற்கும்போது நான் அவருக்குச் சொன்னேன். கிணற்றைச் சொன்னேன். ஊர்ப் பெட்டையைச் சொன்னேன். கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். அவருக்கு உரியது, நான் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அவர் வடையைத் தட்டித் தட்டி எண்ணெயில் விட்டுக்கொண்டு கேட்டார். அடுப்பைக் குறைத்தார்.

“அப்ப அவர் நான் ஓடினதைப் பாத்து வேண்டாம் எண்டு சொல்லேல்லை.”

“இல்லை.”

“அத்தானுக்கு இது தெரியும்.”

“கிணறு தெரியும். மிச்சம் தெரியாது.”

அவர் எண்ணெய்க்கரண்டியைப் பிடித்தபடி ஜன்னலால் பின்வளவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அநியாயத்துக்கு இவ்வளவு காலமும் மெல்ல நடந்திருக்கிறன்,” என்றார்.

முன்னறையில் அப்பாவின் படத்துக்கு முன்னால் அம்மா வாழையிலை விரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு நாங்கள் எதையும் சொல்லவில்லை. உயரம் போதாததால்தான் அந்தச் சம்பந்தம் தவறியது என்று கடைசிவரைக்கும் அவர் நம்பினார். வடை முடிந்ததோ என்று கேட்டுக்கொண்டு குசினிக்குள் வந்தார்.

சின்னம்மா தட்டில் இருந்து ஒரு வடையை எடுத்தார். படைக்கிற சாப்பாட்டை முதலில் யாரும் வாயில் வைக்கக்கூடாது, வைத்தால் முழுவதும் எச்சில், படைக்க ஏலாது. இதை எங்களுக்குச் சொல்லித் தந்ததே சின்னம்மாதான். அவர் அம்மாவைப் பார்த்துக்கொண்டே அந்த வடையைக் கடித்தார்.

“என்னடி, படைக்க முதல் வாயிலை வைச்சிட்டியோ?” என்றார் அம்மா.

“ஓம் அக்கா,” என்றார் சின்னம்மா. ஆறுதலாக அதைத் தின்று முடித்தார். இன்னொன்றை எடுத்து என் கையில் தந்தார். நானும் தின்றேன். குழைத்த மா முடிந்திருந்தது, திரும்பக் குழைக்க நேரமும் இல்லை. அப்பாவுக்கு அன்று வடை படைக்கவில்லை.